முன்னாள் படைவீரர் வீட்டுப் பெண்கள் கல்லூரியில் சேர வேண்டுமா? குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மிலிட்டரி கேன்டீன் வரிசையில் அரை மணி நேரம் நின்றால் போதும், பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப் பற்றி எல்லாம் காதில் விழுந்துவிடும். எந்த கோர்ஸுக்கு எவ்வளவு, சைட் எப்போது திறக்கும், யார் பிள்ளைக்குக் கிடைத்தது, யாருக்கு ரிஜெக்ட் ஆனது எல்லாம் வரும். "பிள்ளைக்கு இல்ல, நான்தான் படிக்கணும், எனக்கு ஏதாவது உண்டா?" என்று ஒரு பெண் கேட்டுவிட்டால் வரிசையே திரும்பிப் பார்க்கும், பதில் மட்டும் வராது. என் அக்கா அப்படிக் கேட்டவள். அத்தான் மெட்ராஸ் ரெஜிமென்டில் நாயக்காக இருந்து ஓய்வு பெற்று வந்தவர், ஊருக்கு வந்த ஆறாம் வருடம் மாரடைப்பில் போய்விட்டார். பி.ஏ.வோடு கல்யாணத்துக்காக நின்றுபோன படிப்பை அக்கா நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. சேர்ந்து முடித்தாள். அவளோடு முன்னாள் படைவீரர் நல அலுவலகமான சைனிக் போர்டுக்கும் பேங்குக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நானும் அலைந்தேன். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தை நெட்டில் தேடினால் வந்து விழுவதில் பாதிக்கு மேல் அமெரிக்கச் சமாச்சாரம். ராணுவத்தார் மனைவிக்கு நாலாயிரம் டாலர், ஜிஐ பில் என்றெல்லாம் இருக்கும். அது அவர்கள் ஊர்த் திட்டம். மார்த்தாண்டத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் படித்து நம்பிக்கை வளர்க்க வேண்டாம்.

மனைவியா, கைம்பெண்ணா

கேட்கக் கஷ்டமான கேள்விதான், ஆனால் நம் நாட்டுத் திட்டங்கள் இந்தக் கேள்வியிலிருந்துதான் பிரிகின்றன. டெல்லியில் இருக்கும் கேந்திரிய சைனிக் போர்டு கல்விக்குத் தரும் பணம் முன்னாள் படைவீரரின் பிள்ளைகளுக்கும், படைவீரர் இறந்திருந்தால் அவருடைய மனைவிக்கும் உண்டு. விண்ணப்பத்தில் விதவை என்றே போட்டிருப்பார்கள், தமிழக அரசுத் தாள்களில் கைம்பெண் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். கணவர் உயிரோடு இருக்கிறார், பென்ஷன் வருகிறது, நீங்கள் படிக்க ஆசைப்படுகிறீர்கள் என்றால் அந்தப் பணம் உங்களுக்கு வராது. அநியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. இருபது வருடம் மாமியாரையும் பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டவளுக்கு ஒரு டிகிரிக்குக் கூட வழி வைக்கவில்லை. சரி, அப்படி இருப்பவர்கள் என்ன செய்யலாம் என்பதைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

அடுத்தது, கணவர் எந்தப் படை? தரைப்படை, கப்பல்படை, விமானப்படை என்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம், பழைய ஆட்கள் சைனிக் போர்டு என்று சொல்கிற இடம்தான் உங்களுக்கு வாசல். சிஆர்பிஎஃப், பிஎஸ்எஃப், சிஐஎஸ்எஃப் என்றால் வாசலே வேறு. அவர்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறவர்கள், அவர்களுக்கான பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு தேசிய ஸ்காலர்ஷிப் போர்ட்டல் வழியாகத்தான் போட வேண்டும். நம் மாவட்டத்தில் இந்தப் படைகளிலும் ஆட்கள் நிறைய என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நடக்கிறது. சைனிக் போர்டு வரை வந்து அரை நாள் காத்திருந்து, "இது இங்க இல்லம்மா" என்று கேட்டுத் திரும்பிய ஒரு அம்மாவை அக்காவோடு போயிருந்தபோது நேரிலேயே பார்த்தேன். அருமனையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர்.

எந்த ஊரில் பெயர் பதிந்திருக்கிறது

இது கேரள எல்லையை ஒட்டி இருக்கும் விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்தாருக்கு முக்கியம். ஓய்வு பெற்ற புதிதில் திருவனந்தபுரத்தில் வேலை, வாடகை வீடு, பாங்கோடு மிலிட்டரி ஆஸ்பத்திரி பக்கம் என்று அங்கேயே இருந்துவிட்டு, அந்த மாவட்ட சைனிக் போர்டிலேயே பெயரைப் பதிந்தவர்கள் உண்டு. அப்புறம் ஊருக்கு வந்து வீடு கட்டினாலும் பதிவு அங்கேயே கிடக்கும். உங்கள் விண்ணப்பத்தைச் சரிபார்த்து மேலே அனுப்புவது நீங்கள் பதிந்திருக்கும் மாவட்ட அலுவலகம்தான். எனவே உங்கள் கணவரின் முன்னாள் படைவீரர் அடையாள அட்டையை எடுத்து எந்த மாவட்டம் என்று பாருங்கள். வேறு மாவட்டம் என்றால் முதலில் பதிவை நாகர்கோவிலுக்கு மாற்றுங்கள், கல்லூரி அட்மிஷன் சீசன் வருவதற்கு முன்னால். கணவர் இறந்தபின் கைம்பெண் அடையாள அட்டை எடுக்காதவர்கள் அதையும் இதே நடையில் எடுத்துவிடலாம். அந்த அட்டை இல்லாமல் மேற்கொண்டு எதுவும் நகராது.

பெயர், பெயர், பெயர்

இதில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்களுக்கு முழுசாக நாலு மாதம் போனது இதில்தான்.

டிஸ்சார்ஜ் புக்கை எடுங்கள். ஓய்வு பெறும்போது படையில் கொடுத்த சின்னப் புத்தகம், ஓரம் நைந்திருக்கும், பல வீடுகளில் மாதா படத்துக்குப் பின்னாலோ பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியிலோ இருக்கும். குடும்ப விவரம் எழுதிய பக்கத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அப்புறம் பென்ஷன் பேமென்ட் ஆர்டர், அதாவது பிபிஓ. அப்புறம் உங்கள் எஸ்எஸ்எல்சி மார்க் ஷீட், ஆதார், பேங்க் பாஸ்புக். ஐந்தையும் மேசையில் வரிசையாக விரித்து வைத்துப் பாருங்கள். அக்காவுக்கு எஸ்எஸ்எல்சியில் ஞானஸ்நானப் பெயரோடு சேர்த்து இரண்டு சொல், முன்னால் அப்பாவின் இனிஷியல். கல்யாணமான புதிதில் அத்தான் யூனிட்டில் எழுதிக் கொடுத்தது வீட்டில் கூப்பிடும் ஒற்றைப் பெயர். ஆதாரில் அத்தானின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே ஆள், மூன்று பெயர்! நமக்கு அதில் ஒன்றும் தோன்றாது, கம்ப்யூட்டருக்கு மூன்று பேர்.

கணவர் இருந்தால் அவரே, படைவீரர்களின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதி மாற்றிவிடலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது, மற்ற ரெஜிமென்ட், கோர் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு ஊர். அவர் இல்லை என்றால் நீங்கள்தான் மனு எழுத வேண்டும். இந்த இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, எஸ்எஸ்எல்சி நகலையும் ஆதார் நகலையும் சேர்த்து, சைனிக் போர்டு வழியாக அனுப்புவது நல்லது. நேரடியாகத் தபாலில் போட்டால் போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. பென்ஷன் இப்போது ஸ்பர்ஷ் என்ற ஆன்லைன் பென்ஷன் முறை வழியாக வருவதால் அங்கேயும் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எந்தப் பெயரை நிலையாக வைத்துக்கொள்வது என்று கேட்டால், எஸ்எஸ்எல்சியில் இருப்பதை என்பேன். ஆதாரை மாற்றுவது எளிது, முப்பது வருடப் பழைய மார்க் ஷீட்டை மாற்றுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

இந்த வேலையைக் கல்லூரியில் சேர்ந்தபின் தொடங்கினால் தாமதம். படிக்கலாமா என்று நினைக்கிற அன்றைக்கே தொடங்குங்கள்.

இரண்டு பணம், இரண்டையும் குழப்பக் கூடாது

முதலாவது பிரதமர் கல்வி உதவித்தொகை, பிஎம்எஸ்எஸ் என்பார்கள். தொழிற்படிப்புக்கு மட்டும். பி.இ., எம்பிபிஎஸ், பி.எஸ்சி. நர்சிங், பி.ஃபார்ம்., பி.எட்., பிபிஏ, பிசிஏ மாதிரியானவை. முதுநிலையில் எம்பிஏ, எம்சிஏ தவிர மற்றவை கிடையாது. பெண்களுக்கு மாதம் 3,000 ரூபாய், வருடத்துக்கு 36,000. 2019 முதல் இந்தத் தொகைதான். நாடு முழுவதற்கும் வருடத்துக்கு 5,500 பேர், அதில் பாதி பெண்கள். அந்தப் படிப்பில் சேரத் தேவையான தகுதித் தேர்வில், அதாவது பி.இ.க்கு பிளஸ் டூ அல்லது டிப்ளமோ, பி.எட்.டுக்கு டிகிரி, குறைந்தது 60 சதவீதம் வேண்டும். முதலாண்டு சேர்ந்த வருடத்திலேயே போட வேண்டும். "இந்த வருசம் போகட்டும், அடுத்த வருசம் பாக்கலாம்" என்று விட்டால் இரண்டாம் ஆண்டில் இருந்துகொண்டு புதிதாகப் போட முடியாது, ஒரேயடியாகப் போயிற்று. தொலைநிலைக் கல்விக்கும் இது இல்லை.

போரில் இறந்தவர்கள் குடும்பம், போரில் ஊனமுற்றவர்கள் குடும்பம், பணியின் காரணமாக இறந்தவர்கள் குடும்பம் என்று வரிசை வைத்துத்தான் கொடுப்பார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இயற்கையாக இறந்தவரின் மனைவி வரிசையில் பின்னால்தான் நிற்பார், அங்கே மார்க்தான் பேசும். அதனால் போடாமல் விட்டுவிட வேண்டியதில்லை. பி.ஏ., பி.எஸ்சி.யில் அறுபதுக்கு மேல் வாங்கிய பெண்கள் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், பி.எட். இரண்டு வருடம், கிடைத்தால் 72,000 வரும். டீச்சர் வேலைக்கு ஆசைப்படாத வீடு குமரியில் எங்கே இருக்கிறது?

இரண்டாவது, பாதுகாப்பு அமைச்சர் முன்னாள் படைவீரர் நல நிதியிலிருந்து வரும் கல்வி மானியம். இது ஹவில்தார் வரைக்கும், கப்பல்படை, விமானப்படையில் அதற்கு இணையான ரேங்க் வரைக்கும்தான். சுபேதார், நாயப் சுபேதார் வீட்டார் இதில் வர முடியாது. இரண்டு பிள்ளைகள் வரை ஒன்றாம் வகுப்பு முதல் டிகிரி வரை கொடுப்பார்கள், கைம்பெண்ணுக்கு இரண்டு வருட முதுநிலைப் படிப்புக்குக் கொடுப்பார்கள். எம்.ஏ., எம்.எஸ்சி., எம்.காம். போகிறவர்கள் பார்க்க வேண்டியது இதைத்தான். பல வருடமாக மாதம் 1,000 ரூபாயாகவே கிடந்தது. 2025 நவம்பர் 1 முதல் போடப்படும் விண்ணப்பங்களுக்கு 2,000 ஆக்கியிருக்கிறார்கள், வருடத்துக்கு 24,000. அக்கா வாங்கியது பழைய கணக்கில், வருடம் 12,000. செய்தி வந்த அன்று போன் பண்ணி, "நான் ரெண்டு வருசம் முந்திட்டேன் பாத்தியா" என்று சிரித்தாள்.

இந்த மானியத்தில் வேறு எங்கிருந்தும், மாநில அரசிடமிருந்தோ வேலை செய்யும் இடத்திலிருந்தோ, கல்வி உதவி வாங்கவில்லை என்று உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். எனவே எதற்கு முதலில் கையெழுத்துப் போடுகிறோம் என்று யோசித்துப் போடுங்கள்.

கல்லூரிக்கெல்லாம் போக முடியாது, ஒரு கைத்தொழில் பயிற்சி போதும் என்பவர்களுக்கு இதே நிதியில் கைம்பெண்களுக்கான தொழிற்பயிற்சி மானியம் இருக்கிறது, 2023-ல் 20,000 ரூபாயிலிருந்து 50,000 ஆக உயர்ந்தது. தையல், கம்ப்யூட்டர் என்று படிக்கிறவர்கள் சைனிக் போர்டில் இதைக் குறிப்பாகச் சொல்லிக் கேளுங்கள். சும்மா "ஏதாவது உதவி உண்டா" என்று கேட்டால் சும்மா ஒரு பதில்தான் வரும்.

விண்ணப்பம் போடும் நாள்

இரண்டுமே கேந்திரிய சைனிக் போர்டின் இணையதளத்தில்தான், கேஎஸ்பி டாட் ஜிஓவி டாட் இன். உங்கள் சொந்த இமெயில், சொந்த மொபைல் நம்பர் கொடுத்துப் பதியுங்கள். நெட் சென்டர் தம்பியின் இமெயிலைக் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து "டாக்குமென்ட் தெளிவாக இல்லை, மறுபடி ஏற்றவும்" என்று வந்த மெயிலைப் பார்க்காமல் விட்டவர்கள் கதை ஏராளம். தம்பி அந்தக் கடையை மூடிவிட்டு கல்ஃபுக்கே போயிருப்பான்.

ஸ்கேன் செய்வது ஒரிஜினலிலிருந்து. ஜெராக்ஸை ஸ்கேன் செய்தால் திரும்பி வரும். டிஸ்சார்ஜ் புக்கில் எழுத்து மங்கி இருந்தால் மொபைலில் படம் எடுக்காமல் நல்ல ஸ்கேனரில் கலரில் எடுங்கள். தவறியும் லேமினேட் செய்துவிடாதீர்கள், வெளிச்சம் பட்டுப் பளபளத்துப் பாதி எழுத்து போய்விடும்.

பிரதமர் உதவித்தொகைக்கு மூன்று படிவத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். ஒன்று சைனிக் போர்டு அதிகாரியிடம், ஒன்று கல்லூரி முதல்வரிடம் போனாஃபைடு, அதாவது இங்கேதான் படிக்கிறார் என்ற சான்று, ஒன்று பேங்க் மேனேஜரிடம் ஆதார் இணைந்திருக்கிறது என்று. மூன்று ஆபீஸ், மூன்று முத்திரை. கல்லூரியில் ஓணம், ஆயுத பூஜை லீவு எல்லாம் பார்த்துப் போங்கள். கல்லூரியும் படிப்பும் அங்கீகாரம் பெற்றதா என்பதைச் சேரும்போதே பாருங்கள், பி.எட். என்றால் என்சிடிஇ அங்கீகாரம், மற்றவற்றுக்கு ஏஐசிடிஇ, யுஜிசி. கடைசித் தேதி வருடத்துக்கு வருடம் மாறும், அதனால் கல்லூரியில் அட்மிஷன் போட்ட வாரத்திலிருந்தே சைட்டைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

கல்வி மானியத்துக்கு வழி கொஞ்சம் வேறு. அந்த வருடம் பாஸான மார்க் ஷீட்டைக் காட்டித்தான் வாங்க முடியும். அதாவது முதலில் நீங்கள் கட்டணம் கட்டி, படித்து, பாஸ் ஆன பின்னால்தான் பணம். அரியர் வைத்தால் சிக்கல்.

ஆன்லைனில் அனுப்பியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாவட்ட அலுவலகம் சரிபார்த்து மேலே தள்ள வேண்டும். பிரிண்ட் எடுத்து, ஒரிஜினல்களோடு ஒருநாள் நேரில் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். காலையில் முதல் ஆளாகப் போங்கள், மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு மேல் போனால் அன்றைய நாள் போச்சு.

பணம் வரும் வரை

கட்டணம் கட்டும் நாளில் இந்தப் பணம் கையில் இருக்காது. இதைப் பல பேர் கணக்குப் போடுவதில்லை. முதல் வருடக் கட்டணத்துக்குத் தனியாக வழி செய்துகொண்டு, வரும் தொகையை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். அக்கா ஒரு வளையலை அடகு வைத்தாள், பென்ஷனிலிருந்து மாதாமாதம் வட்டி கட்டினாள்.

பணம் வந்த கதையும் உண்டு. மானியம் சாங்ஷன் ஆனது என்று சைட்டில் காட்டுகிறது, கணக்கில் ஒன்றும் இல்லை. ஒரு மாதம், இரண்டு மாதம். பேங்கில் கேட்டால் "வந்தா ஏறிருக்கும்மா". கடைசியில் பார்த்தால் நாங்கள் ஸ்கேன் செய்து ஏற்றியது பழைய பாஸ்புக்கின் முதல் பக்கம். அந்த பேங்கை 2020-ல் இன்னொரு பேங்கோடு சேர்த்துவிட்டார்கள், ஐஎஃப்எஸ்சி கோடு மாறிவிட்டது, பாஸ்புக் மட்டும் பழைய கோடோடு பீரோவில் இருந்தது. பணம் போய்த் திரும்பி, மறுபடி அனுப்ப இன்னும் ஒரு காத்திருப்பு. உங்கள் கணக்கு இப்படி இணைக்கப்பட்ட பேங்கில் இருந்தால் புது பாஸ்புக் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போடுங்கள். ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாக எந்தக் கணக்கோடு ஆதாரை மேப் செய்தீர்களோ அந்தக் கணக்குக்குத்தான் போகும், கேஸ் மானியத்துக்கென்று எப்போதோ தொடங்கிய கணக்காகவும் அது இருக்கலாம். பேங்கில் ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், என்பிசிஐ மேப்பிங் எந்தக் கணக்குக்கு என்று கேளுங்கள்.

கணவர் இருக்கிறார், எனக்கு என்ன வழி?

பிள்ளைகள் பெயரில் வரும் தொகையை முதலில் விடாமல் வாங்குங்கள். ஹவில்தார் வரை ரேங்க் என்றால் இரண்டு பிள்ளைக்கும் சேர்த்து இப்போது வருடம் 48,000 வரை வரும், வீட்டில் அவ்வளவு மிச்சமானால் உங்கள் கட்டணம் அதிலேயே அடங்கிவிடும். சுற்றி வளைத்த வழிதான், ஆனால் நான் பார்த்தவரை நடக்கிற வழி இதுதான்.

அரசு கலைக் கல்லூரிகளில் இளநிலைக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது, மற்ற சின்னக் கட்டணங்கள் மட்டும். ஆனால் ரெகுலர் இளநிலைச் சேர்க்கைக்கு வயது வரம்பு உண்டு, விண்ணப்பம் வாங்கும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். வயது தாண்டியவர்களுக்கு இக்னோ, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கின்றன. நீங்கள் எடுக்கும் குறிப்பிட்ட படிப்புக்கு யுஜிசி அனுமதி இருக்கிறதா என்று பார்த்துச் சேருங்கள்.

கல்விக் கடன் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். வித்யாலட்சுமி போர்ட்டல் வழியாகப் போடலாம். வங்கிகளின் பொதுவான கல்விக்கடன் திட்டத்தில் 4 லட்சம் வரை கையிலிருந்து பங்கு போட வேண்டியதில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்பதில்லை. பழைய வரி முறையில் வரி கட்டும் கணவர், மனைவியின் படிப்புக்குத் தன் பெயரில் கடன் வாங்கினால், கட்டும் வட்டியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். பென்ஷனோடு செக்யூரிட்டி, பேங்க் என்று இரண்டாம் வேலையும் பார்க்கிற ஆட்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

அப்புறம், கலெக்டர் ஆபீசில் முன்னாள் படைவீரர்களுக்கென்று குறைதீர் கூட்டம் நடத்துவார்கள், பேப்பரில் அறிவிப்பு வரும். மனைவியின் படிப்புக்கு மாநில நிதியிலிருந்து உதவி வேண்டும் என்று அங்கே ஒரு மனு கொடுத்து, இரண்டாவது பிரதியில் சீல் வாங்கி வையுங்கள். இப்படிக் கேட்டு இதுவரை எத்தனை மனு வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஆண்களின் பென்ஷன் பாக்கி மனுக்களுக்கு நடுவே இதுவும் ஒரு கட்டு சேரட்டும்.

பிரதமர் உதவித்தொகை கிடைத்தவர்கள் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு வருடமும் 50 சதவீதம் வேண்டும். அதற்கும் இதே சைட், இதே போனாஃபைடு. முதல் வருடம் ஸ்கேன் செய்த எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் போட்டு டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்து வைத்துவிடுங்கள், அக்கா இன்னமும் பட்டுச் சேலைக்கு அடியில்தான் வைத்திருக்கிறாள்.